எல்லாமே ஃபேக்ஸ்

எங்கள் ஆபீஸில் யாராவது "நெட் வரலீங்க" என்று மொட்டையாகச் சொன்னால் சிஸ்டம்ஸ் அண்ணனுக்குப் பிடிக்காது.

"எது வரலீங்க அம்மணி? வைஃபையே புடிக்கலீங்களா, இல்ல வைஃபை புடிச்சும் நெட்டு மட்டும் வரலீங்களா? ரெண்டும் வேற வேறங்க" என்பார். டோனரை இங்க் என்று சொன்னால் திருத்துவார். "இங்க்குன்னா தண்ணியாட்ட இருக்கும். இது பொடிங்க." இரண்டு பிரின்டர்களுக்கு ஒரே ஐ.பி. அட்ரஸ் விழுந்து, ஒருத்தர் கொடுத்த பிரின்ட் இன்னொரு மாடியில் வந்தபோது, "ரெண்டு ஊட்டுக்கு ஒரே கதவு நெம்பரு போட்டா போஸ்ட்மேன் என்னங்க பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

கோவையில் பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனியில் நான் அப்போது பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர், பிரின்டர், கேபிள் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் சிஸ்டம்ஸ் அண்ணன். வார்த்தை சரியாக இருந்தால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "என்ன கெட்டுதுன்னு கரெக்டா சொல்லிப்போட்டீங்கன்னா நான் எந்திரிச்சு வராமயே சரி பண்ணிப்போடுவனுங்க" என்று சொல்வார். பல சமயம் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் காலை அவர் வரவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே பாத்ரூமில் சரிந்துவிட்டார் என்று மதியம் செய்தி வந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை, வலது கை கொஞ்சம் பலவீனமாகிவிட்டது, பேச்சு போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது கண்ணைத் திறந்து எங்கள் ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிந்துதான் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து எங்கள் எம்.டி. அம்மா அவரைத் திரும்ப வரச் சொன்னார். "வேலை பாக்கறாரோ இல்லியோ, வந்து உக்காரட்டும். ஊட்டுலயே இருந்தா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு" என்றார். அதற்குள் வெளிக் கம்பெனி ஒன்றிடம் நெட்வொர்க் வேலையை ஒப்படைத்திருந்தோம். அண்ணன் தன் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேஜை என்னுடையது.

பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் பெயர்கள் இல்லை. 'அது', 'இங்க', 'வேண்டாங்க', 'செரிங்க' எல்லாம் வரும். ஒரு பொருளின் பெயர் வேண்டிய இடத்தில் மட்டும் 'ஃபேக்ஸ்' என்று வந்து விழும். தண்ணீர் கேட்டால் ஃபேக்ஸ். மின்விசிறியைப் போடச் சொன்னால் ஃபேக்ஸ். அந்தச் சொல் ஏன் அவருக்குள் மாட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. எங்களிடம் ஒரு பழைய ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. வடக்கே ஏதோ ஓர் அரசு அலுவலகம் ஆர்டர் விவரங்களை அதில்தான் அனுப்புவோம் என்று பிடிவாதமாக இருந்ததால் தூக்கிப்போடாமல் வைத்திருந்தோம். அதைக் காட்டி, "இது என்னங்கண்ணா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பஸ்ஸு" என்றார்.

தப்பு என்று அவருக்கே தெரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவரிடம் அவருடைய மனைவி அவரை வாராவாரம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற பொருள்கள் மீது பெயர் எழுதி ஒட்டுங்கள், அவர் தடுமாறும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், காத்திருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பினார். ஆபீஸில் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. ரௌட்டர், மோடம், ஸ்விட்ச், சர்வர், ஸ்கேனர், டோனர், ட்ரே, யு.பி.எஸ். என்று தமிழில் பெரிய எழுத்தில் அடித்து, வெட்டி, செலோ டேப் போட்டு ஒட்டினேன். அவர் படித்தது தமிழ் மீடியம். எழுத்தைக் கூட்டிப் படிக்க அவரால் முடிந்தது.

காலையில் வந்தவுடன் நானும் அவரும் ஒரு சுற்று போவோம். ஒவ்வொரு பெட்டியின் முன்னால் நின்று அவர் பெயரைச் சொல்ல வேண்டும். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் 'ரௌ... ரௌ...' என்று திணறும்போது என் வாயில் அந்தச் சொல் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது வாரத்தில் யாரோ விளையாட்டாக, எந்த ஃபைலைக் கொடுத்தாலும் நகர்த்தாத அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் நாற்காலி முதுகில் 'ஹேங்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள். சுற்று வரும்போது அண்ணன் அதைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். திரும்பி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மேனேஜர் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை.

மாதங்கள் போகப் போக ஆபீஸ் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுச் சொற்கள் வரவில்லை.

ஒரு மாலை அவரைக் கூட்டிப்போக வந்த அவருடைய மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கோணும். நீங்க அவருக்கு என்னங்க சொல்லிக் குடுக்கறீங்க?"

"ஏனுங்க்கா, என்னாச்சுங்க?"

"சோறு, தட்டம், சொம்பு எதுவுமே வர மாட்டீங்குது. அந்த டப்பாப் பேரெல்லாம் மட்டும் மணியாட்ட வருது. அது போவட்டும். நேத்தைக்கு இருந்து என்னைய 'சர்வர், சர்வர்'ன்னு கூப்புடறாருங்க. இத்தன வருசமா ஆக்கிப் போட்டதுக்கு ஓட்டல் சர்வராயிட்டனுங்களா நானு?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சர்வர் அறையின் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே கறுப்பு அலமாரியில் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. என் எழுத்தில் 'சர்வர்' என்று ஒட்டியிருந்தது.

"இதுதானுங்க்கா சர்வர். இந்த ஆபீஸ்ல எல்லாத்தோட வேலையும் இதுக்குள்ளதான் இருக்குது. இது நின்னுபோச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அண்ணன் இந்த ரூமுக்குள்ள யாரையும் விடமாட்டாரு."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இதுக்கு ஏசியெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆமாங்க. சூடு ஆகாதுங்க இதுக்கு."

"எனக்கு அடுப்படியில ஃபேனே இல்லீங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அடுத்த வாரமே அவர் வீட்டு அடுப்படியில் ஒரு ஃபேன் மாட்டினார்கள். யார் சொல்லி மாட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. காலையில் நாங்கள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. இன்டர்நெட் இல்லை, பிரின்டர் எதுவும் எடுக்கவில்லை, சர்வரில் இருக்கும் ஃபைல் ஒன்றும் திறக்கவில்லை. கேட்டில் மோட்டார் ஏற்றிய லாரி நின்றது. சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் கையில் இல்லாமல் அதை வெளியே விட முடியாது. டிரைவர் வந்து வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் பிரின்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளிக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். தன்மையானவர். ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டார். போட்டதும் ஒரு நொடி வேலை செய்யும், பிறகு மறுபடி நின்றுவிடும். ஸ்விட்ச் என்பது ஆபீஸிலுள்ள கேபிள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி. அதுதான் போய்விட்டிருக்க வேண்டும், புதிது கொண்டுவரச் சாயங்காலமாகும் என்றார்.

அண்ணன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. சாதாரணமாக அவை ஒன்று மாற்றி ஒன்றாக மினுக்கும். அன்றைக்கு எல்லாம் சேர்ந்து வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. அதை அவர் விரலால் காட்டினார்.

"ஃபேக்ஸ்" என்றார். உடனே தலையை ஆட்டினார். "இல்லீங்க... இல்லீங்க... வாயி. வாலு. வாயி..."

"சார் என்னங்க மேடம் சொல்றாரு?" என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"சித்த இருங்க" என்றேன். எம்.டி. அம்மாவும் வந்துவிட்டார். லாரி டிரைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அத்தனை பேருக்கும் நடுவில் காத்திருப்பது அந்தக் காலைச் சுற்று போல இல்லை. அவருக்கு நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. பேச்சை விட்டுவிட்டு மேஜையில் கிடந்த ஒரு சின்ன கேபிளை இடது கையில் எடுத்தார். ஒரு முனையை ஸ்விட்ச்சின் பக்கம் காட்டினார். கேபிளை வளைத்து அடுத்த முனையையும் அதே பக்கம் கொண்டுவந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடி அதையே செய்து காட்டினார்.

இன்ஜினியருக்குத்தான் புரிந்தது.

"லூப்புங்களா சார்? ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் நம்ம நெட்வொர்க்குலயே குத்திட்டாங்களா?"

"லூப்பு!" என்றார் அண்ணன். "லூப்பு! லூப்பு!"

எங்கேயோ ஒரு கேபிள் சுற்றிக்கொண்டு வந்து தன் வாலையே விழுங்கியிருக்கிறது. அனுப்புகிற எதுவும் வெளியே போகாமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்தத்தையும் அடைத்திருக்கிறது. இன்ஜினியர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அறை அறையாகத் தேடினோம். மீட்டிங் ரூமில் கிடைத்தது. முந்தின நாள் மேஜையை இடம் மாற்றியிருந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் யார் காலிலும் தடுக்கக்கூடாது என்று, பெருக்கிய அக்கா நல்ல எண்ணத்தில் அதன் தொங்கிய முனையைச் சுவரில் காலியாக இருந்த இன்னொரு நெட் ஓட்டையில் செருகிவைத்திருந்தார். நான் அதைப் பிடுங்கினேன்.

அந்த நொடியில் ஆபீஸிலிருந்த எல்லாப் பிரின்டர்களும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. காலையிலிருந்து ஆளாளுக்கு அழுத்தியதெல்லாம் வரிசையில் காத்திருந்தது. அதே பில் திரும்பத் திரும்ப வந்து ட்ரே நிறைந்து தரையில் கொட்டியது. டிரைவர் உள்ளேயே வந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, "கெளம்பறனுங்க" என்று ஓடினார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். தூங்கிவிட்டிருந்தார். அந்த ஒரு சொல்லைத் தேடியதில் அவ்வளவு களைப்பு. மதியச் சாப்பாடு வரைக்கும் யாரும் எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஃபேக்ஸ் போய் எல்லாமே லூப்பாக இருந்தது. தண்ணீர் லூப்பு, பேனா லூப்பு. ஆனால் அவர் பேசும்போது யாரும் வாக்கியத்தை முடித்துவைக்காமல் காத்திருக்கத் தொடங்கினார்கள். இன்ஜினியர் வரும்போதெல்லாம் முதலில் அவர் மேஜைக்குத்தான் போவார்.

அவர் பழையபடி ஆகிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். இன்னும் ஓராண்டு வந்தார். போன் எடுக்க முடியவில்லை, மதியத்துக்கு மேல் சோர்ந்துபோனார். கடைசியில் அவராகவே எம்.டி. அம்மாவின் அறைக்குப் போய், "போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலையை நான் பார்க்கிறேனா என்று கேட்டார்கள். காந்திபுரத்தில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து நெட்வொர்க்கிங் படித்தேன். வகுப்பில் பாதி சொற்கள் எனக்கு முன்னமே தெரிந்திருந்தன. இப்போது அந்த நாற்காலியில் நான்தான் இருக்கிறேன்.

அண்ணனும் அவர் மனைவியும் அன்னூருக்குக் குடிபோய்விட்டார்கள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஆள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தார். ஆபீஸ் கதையெல்லாம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அக்கா எங்களுக்குக் காபி கொண்டுவந்தார். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சக்கரை பத்தலீங்க" என்றார், தடங்கலே இல்லாமல்.

"இது மட்டும் நல்லா வருது பாருங்க அம்மணி" என்றார் அக்கா. சர்க்கரை கொண்டுவரவில்லை. டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்து முடித்தார்.