மெதுவாக அடிக்கத் தெரியாதவர்

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் டவுன் பஸ்ஸிலும் சும்மா வரமாட்டார். காளவாசல் ஸ்டாப்பில் ஏறி உட்கார்ந்ததும், மடியில் வைத்த டிபன் பாக்ஸ் மூடியில் பத்து விரல்களும் தட்டத் தொடங்கிவிடும். டைப்பிங்கில் ஹையர் பாஸான பிறகும், வேகத்துக்காகவே சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் போனவர். வேகம் கூடக்கூட அடுத்தவர் வேலையும் அவர் மேஜைக்கே வந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் ஹெட் கிளார்க் ஆனார். அந்த உத்தரவையும் இவர்தான் அடித்தார், ஒரு பிழையில்லாமல்.

"ஏண்ணே, உங்களுக்குக் குடுக்கலையா?" என்றேன்.

"நான் எந்திரிச்சா இந்த மிஷின்ல யாரு உக்காருவாங்கன்னு ஆபீசர் கேக்குறாரு தம்பி."

"அப்ப கொஞ்சம் மெதுவா அடிங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "அதையும் பாத்துட்டேன். விரலு கேக்க மாட்டேங்குது."

மறுநாள் பஸ்ஸில் டிபன் பாக்ஸ் பைக்குள் இருந்தது. விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. என்ன அடிக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.