யாருடைய ஆள் நீ

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் சமூகப்பணி படிக்கிறாள். ‘சமூக மூலதனம்’ என்று ஒரு பாடமாம். மனிதர்களுக்குள் இருக்கும் பழக்கம், நம்பிக்கை, ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் ஒத்தாசை எல்லாம் சேர்ந்தால், ஏதுமில்லாதவனுக்கும் அது ஒரு சொத்து மாதிரி என்று சத்தமாக வாசித்தாள். “உங்க காலத்துல இது நெறைய இருந்திருக்கும், இல்லம்மா?” என்று கேட்டாள். இருந்தது என்று மட்டும் சொன்னேன். மெஷின் எண்ணெய் வாசம் எப்போது வந்தாலும் என்னை ஓசூருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அவளுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஓசூருக்குப் போனேன். ராயக்கோட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம் உண்டு. அந்த வருஷம் தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை போகவில்லை. சித்தப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் கேண்டீன் நடத்திக்கொண்டிருந்தார். மோட்டாருக்குள் வைக்கிற தகடு வெட்டும் சின்னக் கம்பெனி. அவர் சூப்பர்வைசரிடம், “எங்க அண்ணன் பொண்ணு சார், வாயே பேசாது” என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். நான் எப்படிப் பேசுவேன் என்று இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விண்ணப்பம் என்று ஒன்றை அங்கே யாரும் பார்த்ததில்லை. “யாரோட ஆளும்மா நீ?” என்பதுதான் இன்டர்வியூ. மஞ்சுளா அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுக் கிராமத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். அவளை அவள் மாமா கொண்டுவந்து விட்டார். கம்பெனிக்கு விறகும் பேக்கிங் பலகையும் கொடுத்தவர். கமருன்னிசா கிருஷ்ணகிரிக்காரி. அவளுடைய அண்ணன் கம்பெனிச் சரக்கு ஏற்றும் லாரியை ஓட்டினார். மூவருமாக ஒரு ஓட்டு வீட்டு அறையில் குடியிருந்தோம்.

அந்த அறையை நினைத்தால் முதலில் களி கிண்டும் வாசம்தான் வருகிறது. மஞ்சுளா கிண்டுவாள், கமரு குழம்பு வைப்பாள், எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. நான் ஒருநாள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு என்னை அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நோன்பு மாதத்தில் கமருவுக்காக விடியலில் மூவருமே எழுந்து உட்கார்ந்திருப்போம். கண்டக்டர் எங்களுக்காக பஸ்ஸை நிறுத்தி வைப்பார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் ஷிஃப்ட் வேலையை இருவரும் பங்கு போட்டுச் செய்தார்கள். மகளின் புத்தகத்தில் இருப்பது அத்தனையும் எங்களிடம் இருந்தது.

பிரஸ் மெஷினில் கை உள்ளே போகாமல் இருக்க முன்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். கம்பி இருந்தால் தகடு மெதுவாகத்தான் வெட்ட முடியும் என்று அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கழற்றியது எல்லோருக்கும் தெரியும். ஒரு மத்தியானம் என் வலது கையில் இரண்டு விரல்களின் மேல்பாதி அங்கே போயிற்று.

மஞ்சுளா தாவணியைக் கிழித்துக் கட்டினாள். கமரு ஓடிப்போய் கேட்டில் சரக்கோடு கிளம்பிய அண்ணனின் லாரியை மறித்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க இடமில்லை. நர்ஸ் கோபமாக, “இந்தப் பொண்ணுக்கு எத்தன சொந்தக்காரங்கதான் இருக்கறாங்க?” என்று கேட்டார். “எல்லாருந்தான் சிஸ்டர்” என்றாள் கமரு. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராணி மாதிரி படுத்திருந்தேன்.

பிறகு கம்பெனியில் என்கொயரி என்றார்கள். நான் பேச்சு சுவாரசியத்தில் கம்பியைத் தாண்டிக் கையை உள்ளே விட்டுவிட்டேன், கம்பி அதன் இடத்தில்தான் இருந்தது என்பது கம்பெனியின் பக்கம். அப்படியானால் தப்பு என்னுடையது, என்னை அனுப்பிவிடலாம். கம்பி இல்லையென்றால் என்னை வைத்துக்கொண்டு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். கமரு எங்களோடு வேலை செய்த ஒவ்வொருவரிடமும் போனாள். “பொய்யெல்லாம் வேணாம். உள்ளதச் சொன்னாப் போதும்” என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கம்பெனி எங்கள் யாரையும் மிரட்டவில்லை. எங்களைக் கொண்டுவந்து விட்டவர்களைக் கூப்பிட்டு, “நீங்க சொல்லித்தானே சேத்தோம்” என்று மட்டும் சொல்லி அனுப்பியது. அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மஞ்சுளாவைத் தேடி மாமா வந்தார். இன்னொருத்தியைத் தேடி அவள் பெரியப்பா வந்தார். என்னைத் தேடி ஆப்பிளோடு சித்தப்பா வந்தார்.

கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் ஆப்பிளை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பி இருந்துச்சுன்னு சொல்லிடு பாப்பா.”

“இல்லையே சித்தப்பா.”

“இல்லதான். தெனமும் டீ எடுத்துக்கினு உள்ள போறவன், எனக்குத் தெரியாதா? ஆனா என் மூஞ்சிக்காகத்தான் உன்ன உள்ள விட்டாங்க.”

“என் விரலு சித்தப்பா.”

“விரலு போயிருச்சு. கேண்டீனாவது நிக்கட்டுமே.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் அந்த வார்த்தை இன்றுவரை செரிக்கவில்லை.

ஆபீஸ் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மானேஜரும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பி இல்லை என்று நான் சொன்னேன். சித்தப்பா, கம்பி இருந்தது என்றார். தாவணியைக் கிழித்த மஞ்சுளா, என் கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, இருந்தது என்றாள். வெளியே வந்ததும் அவள் தோளைப் பிடித்தேன். “நன்ன பிட்பிடு” என்றாள். என்னை விட்டுவிடு என்று அர்த்தம். எங்களோடு அவள் கன்னடத்தில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

என்னைத் தவிர, அந்த அறையில் கமரு ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள். “நான் சேந்தப்பவே அந்த மெஷின்ல கம்பி இல்ல சார். பின்னால ரேக்குக்கு அடியில கெடக்குது. வாங்க, காட்டறேன்.”

சூப்பர்வைசர் குரலை உயர்த்தாமல், “உங்க அண்ணன் நம்ம லாரிதானம்மா ஓட்டறாரு?” என்று கேட்டார்.

“அவரு லாரிய அவரு ஓட்டறாரு. நான் பாத்தத நான் சொல்றேன்.”

ரேக்குக்கு அடியில் பார்க்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

என்னை அனுப்பினார்கள். அந்த மாதமே கமருவையும் ஏதோ காரணம் சொல்லி அனுப்பினார்கள். அவள் அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலையும் போயிற்று. வீட்டுக்காரம்மா அறையைக் காலி செய்யச் சொன்னார். அவருடைய மகனுக்கு அதே கம்பெனியில் வேலை கேட்டு வைத்திருந்தார். ஓசூரில் எந்தக் கேட்டுக்குப் போய் நின்றாலும் கமருவின் பேர் அவளுக்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர்களுக்குள் அவ்வளவு பழக்கம், அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு ஒத்தாசை.

கடைசியில் அவள் பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனிக்குப் போனாள். ஒருமுறை ராயக்கோட்டைக்கு என்னைப் பார்க்க வந்தாள். இளைத்திருந்தாள். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அங்க யாருக்கும் என்னத் தெரியாதுடி. நிம்மதியா இருக்குது” என்றாள்.

கிளம்பும்போது என் இடது கையில் பென்சிலைத் திணித்து, ஒரு கோடு போடச் சொன்னாள். கோணலாக வந்தது. பரவாயில்லை, பழகிடும் என்றாள். இடது கையால் கத்தரி பிடித்துத் தையல் பழக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சித்தப்பாவின் கேண்டீனும் நிற்கவில்லை. மானேஜர் மாறியதும் புதியவர் தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அதே சித்தப்பாதான். விரல் இல்லாத பெண்ணுக்கு வரன் தேட நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டாமா? கல்யாணத்தில் நானே அவருக்குச் சாப்பாடு பரிமாறினேன். இலையைப் பார்த்தே சாப்பிட்டார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஓசூர் போனபோது அந்தத் தெருவைத் தேடிப் போனேன். கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. எங்கள் ஓட்டு வீடு இருந்த வரிசையே இல்லை. பஸ் நிறுத்தத்தில் வடக்கிலிருந்து வந்த பெண்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்குக் காத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சித்தப்பா இறந்துவிட்டார். மஞ்சுளாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. கமரு வந்து போன பிறகு எனக்குக் கல்யாணமாகி முகவரி மாறிற்று, அவளுக்கும் மாறியிருக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கலாம் என்று நின்று நின்று பார்த்தேன். கேட்பதற்கு அந்த ஊரில் எனக்கு ஒரு ஆளைத் தெரியவில்லை.