மாடியில் பிரிண்டர் ஓடுகிறது

ஸ்ரீலக்ஷ்மியிடம் போய் இதைக் கதை என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்புறம் காபிகூட வராது. நடந்தது 1997 டிசம்பரில். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில், அவள் வீட்டில், அதுவும் பட்டப்பகலில்.

வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தாள். கீழ் அறையில் அவளுடைய கம்ப்யூட்டர். மாடி அறையில் இன்னொன்று, அதோடு லேசர் பிரிண்டர். இரண்டுக்கும் நடுவே மாடிப்படி ஓரமாக ஒரு கறுப்பு கேபிள். கீழே பக்கத்தை முடித்து பிரிண்ட் கொடுத்தால் மாடியில் வந்து விழும். அதை எடுத்துப் பிழை பார்க்க மாடியில் உட்கார்ந்திருந்தவள் மேகலா. சாந்தோம் குப்பத்துப் பெண். நான்கு வருடம் முன்பு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் வந்தாள். எல்லாம் சொல்லிக் கொடுத்தது ஸ்ரீலக்ஷ்மிதான்.

எந்த வேலையானாலும் முதல் தாளில் பிள்ளையார் சுழி அச்சிடுவது ஸ்ரீலக்ஷ்மியின் பழக்கம். உச்சியில் ஒரே ஒரு 'உ'. மேகலா அதன் கீழே பேனாவால் சின்னதாக ஓர் அலை போடுவாள். "எங்க கடலும் இருக்கட்டும்க்கா," என்பாள்.

அந்த மேகலாதான் பத்து நாள் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். தி.நகரில் சொந்தக் கடை. ஸ்ரீலக்ஷ்மியின் வாடிக்கைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டாள். மிஞ்சியது சபா மலர் மட்டும். மார்கழிக் கச்சேரிகளுக்காக வருடா வருடம் போடுகிற மலர். சபா செக்ரட்டரி சங்கரன் மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஐந்துக்குள் எல்லாப் பக்கமும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை மேகலாவுக்கு. இந்த வருடம் மட்டுமல்ல, இனி எப்போதும்.

மதியம் சாப்பிட்ட கையோடு பிரிண்ட் கொடுத்தாள். மாடியில் சத்தமே இல்லை. திரையில் பிரிண்டர் படம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஆஃப்லைன்.

மாடிக்கு ஓடினாள். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தாள் இருந்தது. இறங்கி வந்தாள். ஆஃப்லைன். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். ஆஃப்லைன். ஹார்டுவேர் ஆளுக்கு போன் செய்தாள். ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம் என்று அரிய யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கடைசியில் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே படியேறினாள். அதன் முனையில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். டெர்மினேட்டர் என்பார்கள். அதைக் கழற்றிவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் செத்துவிடும்.

அது இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் மேகலா வந்திருந்தாள். டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று மாடிக்குப் போனாள். டிபன் பாக்ஸோடு இறங்கி வந்தாள். கண்ணைப் பார்த்து, "வரேங்க்கா," என்றாள். மனசு கேட்காமல் அவள் கையில் வாழைப்பழம் வேறு கொடுத்து அனுப்பியிருந்தாள் ஸ்ரீலக்ஷ்மி.

அந்த மூடி போனால் எல்லாம் போச்சு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே...

அழ நேரமில்லை. பிரிண்டரையே கீழே தூக்கிப் போய்த் தன் கம்ப்யூட்டரில் மாட்டிவிடலாம். மணி இரண்டேகால். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினாள். கரண்ட் ஒயரையும் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. தூக்கக் குனிந்தாள்.

டக்.

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

ஒயர் இரண்டும் அவள் காலடியில் கிடந்தன. உள்ளே உருளை சுற்றத் தொடங்கியது. விர்ர்ர்...

ஒரு தாள் மெதுவாக வெளியே நீண்டது. உச்சியில் 'உ'. அதன் கீழே ஓர் அலை.

தொட்டாள். அப்போதுதான் வந்த லேசர் தாள் சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. ஈரமாக...

கீழே ஓடினாள். திரையில் இன்னும் ஆஃப்லைன். ஆனால் வரிசையில் நின்ற பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. அனுப்பியவர் பெயர் இருக்கும் கட்டத்தில் அவள் பெயர் இல்லை.

மேகலா.

தலைக்கு மேலே நாற்காலி நகர்ந்தது. யாரோ தாள்களை மேஜையில் தட்டி அடுக்கினார்கள். டக்... டக்...

அப்புறம் அதுவும் நின்றது.

ஐந்து மணியை நினைத்தாள். பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. மாடிக்குப் போனாள். மொத்த மலரும் அடுக்கி வைத்திருந்தது. படித்துப் பார்க்கத் தெம்பில்லை. வாரிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

வீடு திரும்பியபோது வாசலில் மேகலாவின் தம்பி டில்லிபாபு நின்றிருந்தான்.

"அக்கா பூட்டாக்கா," என்றான்.

சாந்தோமில் பஸ்ஸுக்கு நின்றவளை ஒரு வேன் இடித்துத் தள்ளியிருக்கிறது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஒன்றரை மணிக்கே. சொல்லிவிட்டு அவன் உள்ளங்கையை விரித்தான்.

"கைல இத்த கெட்டியா புட்ச்சுக்கினு இருந்தா. இன்னாக்கா இது?"

டெர்மினேட்டர்.

ஸ்ரீலக்ஷ்மி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கத்தான் கிளம்பியிருக்கிறாள். வர முடியாமல் போனாலும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாள்... வயிற்றெரிச்சல் அத்தனையும் கரைந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் குப்பத்துக்குப் போனாள். மேகலாவின் படத்துக்கு மாலை போட்டு, வாய்விட்டு அழுதுவிட்டு வந்தாள்.

மறுநாள் சபாவுக்குப் போனபோதுதான் மலரைக் கையில் எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். டி.டி.பி. செய்தவர் பெயர் போடும் 'ஒளியச்சு' என்ற இடத்தில் அவள் தன் பெயரைத்தான் அடித்திருந்தாள்.

'மேகலா, தி.நகர்' என்று இருந்தது.

நிமிர்ந்தாள். எதிரே சங்கரன் மாமா, கொஞ்சம் சங்கடத்தோடு.

"தப்பா எடுத்துக்காதேம்மா. வேலை அவ்வளவு நன்னா இருந்ததால அடுத்த வருஷ மலரையும் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டேன். நேத்து சாயங்காலம் வந்து போட்டோவெல்லாம் வாங்கிண்டு போனா. உன்கிட்ட சொல்லலையா?"

மாமா சமாதானமாகச் சிரித்தார்.

"உன்னை ஒண்ணும் விட்டுக் குடுக்கலைம்மா. எல்லாம் எங்கக்கா சொல்லிக் குடுத்ததுதான்னு ஒசத்தியாத்தான் சொன்னா."