மேஜையைப் பிடித்த பெட்டி

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில். ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் நனைந்தவர். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லவே பதினொரு மாதம் எடுத்துக்கொண்டார். அதைப் பொறுமை என்று நினைத்து ஏமாந்தவள்தான் அவருடைய மனைவி.

அவள் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைக்கிறாள். அறையில் ஜன்னலோரமாக ஆள் நீளத்துக்கு மேல் ஒரு மேஜை. துணியை அதில் விரித்து வெட்டினால்தான் ஓரம் நேராக வரும். அந்த மேஜை மேல்தான் அவர் தன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டி என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு இரும்புச் சட்டம், அதில் வரிசையாக ஆறு கிராபிக்ஸ் கார்டு, நூடுல்ஸ் கொட்டியது போல வயர். இராப்பகலாகக் கணக்குப் போட்டுக் கிரிப்டோ காசு எடுக்குமாம். ஆனால் ஆறு மாதமாக அது ஒரு கணக்கும் போடவில்லை. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

“சிஸ்டம் முடிவாகட்டும், அப்புறம் பால்கனிக்கு மாத்திடறேன்” என்றார்.

“பால்கனிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு சிஸ்டம் எதுக்குங்க?”

“உனக்குப் புரியாது.”

அவளுக்கு எல்லாம் புரிந்தது. நோட்டில் அவர் கோடு போட்டு மூன்று கட்டம் எழுதியிருந்தார். விண்டோஸ் தெரிந்த முகம், ஆனால் அப்டேட் வந்தால் பாதியில் நின்றுவிடும். லினக்ஸ் லேசானது, ஆனால் கட்டளையெல்லாம் கையால் அடிக்க வேண்டும். மூன்றாவது, இந்த வேலைக்கென்றே செய்த சிஸ்டம். பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் போதும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸைப் போட்டு ஒரு வாரம் வைத்திருந்தார், அழித்தார். லினக்ஸைப் போட்டார், அழித்தார். போனில் ஒரு குழு உண்டு. அதில் முன்பின் தெரியாதவன் எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து. சிவப்பு மையில் அடித்தல் திருத்தல் வேறு. இத்தனை அக்கறையை அந்த மனிதர் பெற்ற தாயிடம்கூடக் காட்டியதில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து வெட்டினாள். முட்டி இரண்டும் வீங்கின. ‘கடவுளே, இந்த மனுஷனுக்கு எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் புத்தியைக் கொடு, எதுவானாலும் சரி’ என்று தினமும் கும்பிட்டாள். கடவுளுக்கும் அவர் பிடிபடவில்லை போலிருக்கிறது.

அப்போது புது மருத்துவமனை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. கட்டில்களுக்கு நடுவே தொங்கவிட பதினான்கு திரை. எல்லாம் ஒரே நீளம், விரற்கடை பிசகக்கூடாது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். சரியாக வந்தால் மற்ற மாடிகளுக்கும் அவள்தான். தரையில் போட்டு வெட்டிய முதல் திரை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிப் பாவாடை மாதிரி நின்றது.

“எனக்கு மேஜை வேணும்” என்றாள்.

“இப்பத் தொடாதே. மூணாவது சிஸ்டத்தையே முடிவு பண்ணிட்டேன். பத்தொன்பது நாளா ஓடுது பாரு.”

ஓடத்தான் ஓடியது. அறை அடுப்படி மாதிரி கொதித்தது. அவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து, ஏதோ தானே வியர்வை சிந்தி உழைப்பது போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“காசு வந்துச்சா?”

“சேர்ந்துட்டிருக்கும். அவசரப்பட்டா எப்படி?”

அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறவன். செவ்வாய்க்கிழமை காலை வந்தான். மாமாவின் போனில் சிஸ்டத்தின் பக்கத்தைத் திறந்தான், கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான்.

“மாமா, காசு போய்ச் சேர்ற விலாசம் ஒண்ணு இருக்கே, இது உங்களுதா?”

“அது எப்படிப் போடறதுன்னு குழுவுல ஒருத்தர் எழுதியிருந்தார். அதைப் பார்த்து அப்படியே போட்டேன்.”

“அப்படியேன்னா?”

“ஒரு எழுத்து விடாம.”

“அது அவரோட விலாசம் மாமா. அந்த இடத்துல நம்மளுதைப் போடணும்.”



“அப்போ இத்தனை நாளும்?” என்று அவள் கேட்டாள்.

“யாரோ ஒரு புண்ணியவானுக்குக் கொத்தடிமை வேலை பார்த்திருக்கு அக்கா. அவரு பல்லு விளக்கிக்கிட்டே எண்ணியிருப்பாரு.”

கணவரின் முகத்தை அவள் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தால் இரக்கப்பட்டிருப்பாள். அவ்வளவு கெட்ட மனசு இல்லை அவளுக்கு. அவரோ நோட்டை எடுத்துப் பிரித்து, மூன்றாவது கட்டத்தின் மேல் சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

“நான் அப்பவே நினைச்சேன். விண்டோஸ் போட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது.”

ஏழு மாதம் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் தேறியது இந்த ஞானம்தான்.

அவள் போய் ஸ்விட்சை அணைத்தாள். பெட்டியின் விசிறிகள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. “தம்பி, அந்தப் பக்கம் பிடிடா.”

“ஏய், மெதுவா. கார்டு ஆடுது. எங்கே கொண்டுபோறீங்க?”

“நீங்க சொன்ன பால்கனிக்குத்தான்.”

“சிஸ்டம் இன்னும்...”

“நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க. அது அங்கேயே இருக்கட்டும்.”

இரண்டு பேரும் தூக்கிப்போய்த் துணி காயும் கம்பிக்குக் கீழே வைத்தார்கள். ஏழு மாதம் முடியாதது நாலு நிமிஷத்தில் முடிந்தது. அவள் மேஜையை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, துணியை விரித்தாள். மடிப்பை உள்ளங்கையால் நீவி, டேப்பை வைத்து இரண்டு ஓரத்தையும் அளந்தாள். சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

அவர் நோட்டும் கையுமாக ஜன்னலருகே வந்து நின்றார். “உன் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். விண்டோஸா, லினக்ஸா, அவனையே கேட்டுடலாமா?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்றாள் அவள்.

அவர் எந்தப் பக்கம் தள்ளி நிற்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார்.