பாவுக்கு முன்னால் நின்ற கால்

ரங்கூனிலிருந்து அறுபத்தைந்தில் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்த கண்ணாயிரத்துக்கு எங்கள் தெருவில் ‘சீனாக்காரர்’ என்று பேர். அங்கே மரப்பட்டறையில் கூட வேலை பார்த்த சீனர் ஒருவரிடம் சண்டை கற்றிருந்தார். விடிகாலையில் பாலாற்று மணலில் காலை அகட்டி, தொடையைத் தாழ்த்தி, அப்படியே நிற்பார். குதிரை நிலையாம். தூரத்தில் போகிறவர்கள் வேறு காரியமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சிலம்பம் ஆடும் வீராசாமிக்கு இது போதாதா?

“இன்னா சீனாக்காரரே, குந்திக்கினே சண்டை போடுவீங்களா? எதிராளியும் வந்து பக்கத்துல குந்தணுமா?”

“பாக்கறவங்களுக்காக நிக்கல வீராசாமி. ஒருத்தன் தள்ளினா சாயக்கூடாது. அப்புறம் அவன் காலுக்குப் பின்னால நம்ம கால் போவணும். அவ்ளோதான்.”

கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழுபத்திரண்டில் ஒரு காலை. கங்கையம்மாள் தறியில் நெய்யவேண்டிய ஒரு கல்யாணப் புடவையின் பாவை, அதாவது நெடுக்குப் பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். கணவர் போனபின் தறியைத் தனியாக நடத்திவந்தவர் அந்த அம்மா. ஈரப் பட்டின் மேல் ஆள் விழுந்தால் இழை அறுந்து சிக்காகிவிடும். முகூர்த்தத்துக்குப் புடவை போகாது, முதலாளி அடுத்த பாவும் தரமாட்டார்.

வீராசாமி காலையிலேயே குடித்துவிட்டு வந்தார். கூலிக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கண்ணாயிரத்தின் சட்டையைப் பிடித்தார். “இன்னிக்கி பாத்துடலாம், வா.”

“பாவு இருக்குதுபா. அப்பால வரேன்.”

“பயமா?” என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

கண்ணாயிரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் பட்டு. யாராக இருந்தாலும் ஒரு அடி பின்னால் வைத்திருப்பார்கள். அவர் இடுப்பை இறக்கினார், அவ்வளவுதான். ஆற்று மணலில் பார்த்த அதே குதிரை நிலை. தள்ளிய வேகமெல்லாம் காலோடு தரைக்குள் போனது மாதிரி இருந்தது.

வீராசாமி இன்னும் பலமாகத் தள்ள எட்டு வைத்தார். கண்ணாயிரத்தின் வலது கால் வழுக்கிக்கொண்டு போய் வீராசாமியின் குதிகாலுக்குப் பின்னால் நின்றது. முட்டி மடங்கியது, இடுப்பு திரும்பியது. வீராசாமி மல்லாந்தார், பாவுக்கு எதிர்ப்பக்கமாக. தலை தரையில் மோதாமல் கண்ணாயிரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடி என்று ஒன்று விழவேயில்லை.

வீராசாமி எழுந்திருக்கப் பார்த்தார். கங்கையம்மாள் கஞ்சிக் கையோடு ஓடிவந்தார்.

“அண்ணே, அங்கயே குந்திக்கினு இரு. எழுந்தா நீ எந்தப் பக்கம் சாய்வியோ.”

தெருவே சிரித்தது. வீராசாமி நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். பாவு காய்கிறவரை கண்ணாயிரம் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

கங்கையம்மாள் காய்ந்த பாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“இழை ஒண்ணும் போவல தம்பி,” என்றார் கண்ணாயிரத்திடம். “சுருட்டுங்க.”