மூன்று வளைந்த கோடுகள்

எங்கள் வேனின் பின் இருக்கையை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தலைசாய்ப்பை இறக்க வேண்டும். பிறகு முதுகுப் பகுதியை முன்னால் மடக்கி, அடியில் தொங்கும் நாடாவை இழுத்து, இருக்கை முழுவதையும் பக்கச் சுவரோடு தூக்கி நிறுத்த வேண்டும். மேலே உள்ள கம்பியில் கொக்கியை மாட்டிவிட்டு, நன்றாக மாட்டியிருக்கிறதா என்று வெடுக்கென ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஒரே ஒரு நாள் மறந்தேன். இருக்கை விழுந்து சுண்டுவிரல் நகம் கறுத்துவிட்டது. அதன்பின் மறந்ததில்லை. பட்டால்தான் எனக்குப் புத்தி வரும்.

அப்படி மடித்த இடத்தில்தான் என் கணவரின் சக்கர நாற்காலி நிற்கும். ஜொகூர் பாருவில் நாங்கள் குடியிருந்தபோது, சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் அவர். ஒரு மழை நாளில் லாரி ஒன்று தட்டிவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. குத்தினாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. அதன்பிறகு சிம்பாங் ரெங்கத்தில், வாசலில் படி இல்லாத ஒரு வீட்டைத் தேடிப் பிடித்துக் குடிவந்தோம். எனக்கு அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. மகள் கோலாலம்பூரில் படிக்கப் போனாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள மாமியார் தன் ஊரான பெக்கோக்கிலிருந்து வந்து எங்களோடு தங்கினார்.

வேன் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது. விற்றவர், "ஜப்பான்காரன் என்னென்ன வச்சானோ எல்லாம் இருக்கு லா அக்கா, ஃபுல் ஸ்பெக்" என்றார். இருந்தது உண்மைதான். ஆனால் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு ஜப்பானியப் பெண்குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். என் கணவர் "சரிங்கம்மா" என்பார். விபத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் கிண்டல் அது. அதனாலேயே அந்தக் குரலை நிறுத்த வழி தேடவில்லை.

முன் இருக்கையில் அவரை உட்கார வைப்பது நான் கற்றுக்கொண்ட தொழில். இருக்கையைப் பின்னால் தள்ளி, 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை ஆட்டிப் பார்ப்பேன். நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே வழுக்குப் பலகை வைத்து அவரை நகர்த்துவேன். நாற்காலியில் இருக்கும் ஜெல் மெத்தையை முன்கூட்டியே இருக்கைக்கு மாற்றிவிடுவேன். ஒரே இடம் அழுந்திப் புண் வராமல் இருக்க அந்த மெத்தை. இடுப்பைச் சுற்றி ஒரு போர்வையைச் செருகிவிடுவேன். அவருக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்தவாக்கில் வர ஆசை. விடமாட்டேன். சாய்ந்தால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும் என்று மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இத்தனையும் சரியாகச் செய்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதில் ஒரு நாற்காலிப் படம். நாற்காலியின் மேல் மூன்று வளைந்த கோடுகள். ஜூன் மாத வெயிலில், ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போனபோது அதை முதன்முதலாக அழுத்தினேன். வளைந்த கோடு என்றால் காற்று. இருக்கைக்குள்ளிருந்து காற்று வரும் போலிருக்கிறது, உடம்பு வேகாமல் வரட்டும் என்று நினைத்தேன். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது அவர் கையை இருக்கையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார்.

"சீட்டு சூடா இருக்கே."

"வெயில்ல நின்ன வண்டிங்க. கொஞ்ச நேரம் ஏசி வேல செய்யட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானை இன்னும் ஒரு தட்டு தட்டினேன். காற்று கூடட்டும் என்று. நகருக்குள் நுழையும் இடத்தில் நல்ல நெரிசல். போக இரண்டு மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். எல்லா நேரமும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போய்விட்டேன். மாமியார் மகனின் கால்களுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தார். கல் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒற்றி எடுப்பார். ரத்தம் ஓடினால் கால் என்றாவது ஒரு நாள் அசையும் என்பது அவருடைய நம்பிக்கை. டாக்டர் இல்லை என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் கண்டும் காணாமல் இருந்தேன். பெற்றவளுக்கும் செய்ய ஏதாவது வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் உடம்பு துடைக்க என் கணவரைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். இரண்டு தொடைகளுக்கும் பின்னால், புட்டம்வரை, உள்ளங்கை உள்ளங்கையாகச் சிவந்து கொப்புளித்திருந்தது. ஒரு கொப்புளம் உடைந்து போர்வையில் ஒட்டியிருந்தது. அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாய் நீளம். அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று நான் பேசியதை இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சூடு வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு நர்ஸ் எத்தன தடவ சொன்னாங்க? அவருக்குத் தெரியாது, உங்களுக்குமா தெரியாது? பெத்த புள்ளைய இப்படிச் சுட்டு வச்சிருக்கீங்களே!"

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. "நான் என் கையில வச்சுப் பாத்துட்டுத்தான்மா வச்சேன். காலையிலயே கொஞ்சம் செவந்துதான்..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க அத்தே" என்றேன்.

கட்டிலிலிருந்து என் கணவர், "அம்மா வேணும்னா செஞ்சாங்க? விடு" என்றார். நான் விடவில்லை. இரண்டு நாள் மாமியாருக்குச் சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் தன் பையை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் காரில் பெக்கோக் போய்விட்டார். போகும்போது வழக்கம்போல என் நெற்றியில் திருநீறு பூச வந்தார். நான் சமையலறையில் வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

உணர்வில்லாத உடம்பில் புண் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஐந்து மாதம் என் கணவர் குப்புறப் படுத்தே கிடந்தார். நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினார். நான் சம்பளமில்லா விடுப்பில் உட்கார்ந்தேன். வேன் போர்ச்சில் நின்றது. எப்போதாவது மருந்துக்கும் காய்கறிக்கும் நான் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கையில் பை இருக்கும். பை பேசாது.

தினமும் மாலை ஆறு மணிக்கு மாமியாரிடமிருந்து போன் வரும். ஒரே கேள்வி. "புண்ணு ஆறிடுச்சாம்மா?"

"இல்ல" என்பேன். அல்லது "கொஞ்சம்". அதற்குமேல் அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். செய்த தப்பு உறுத்துகிறது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். உறுத்தட்டும் என்றும் நினைத்தேன். தீபாவளிக்கு வரவில்லை. முட்டி வலி என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் கடைசியில் புண் மூடியது. டிசம்பரில் மகள் விடுமுறைக்கு வந்தாள். விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாள் அப்பாவை வெளியே அழைத்துப் போகலாம், ஐந்து மாதமாகத் தலையணையையே பார்த்துக் கிடந்தார் என்று அவள்தான் சொன்னாள். அதற்கு முன்னால் சாமான் வாங்க நானும் அவளும் மட்டும் கிளம்பினோம். அவள் அப்பாவின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். ஜப்பானியக் குரல் பேசியது. கடைத்தெரு முனையில் சிவப்பு விளக்கில் நின்றோம்.

"அம்மா, இந்த சீட்டு ஏன் இவ்ளோ சூடா இருக்கு?"

"வெயில்ல நின்ன வண்டி" என்றேன். அந்தப் பதில் எப்போதும் நுனி நாக்கில் தயாராக இருந்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். "மழை பெய்யுது. எங்கம்மா வெயிலு?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். கையை அவளுக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டு எடுத்த துணி போல இருந்தது. அவள் குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கடுகளவு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. மழை இருட்டில் தெரிந்தது. ஜூனில் நான் தட்டியது அணையாமல் அப்படியே இருந்திருக்கிறது.

"இது சீட்ட சூடாக்குற பட்டன்மா. ஜப்பான்ல குளிர்னால வச்சிருப்பாங்க."

முன்னால் உள்ள பெட்டியிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்து, படத்தைத் தேடிப் பிடித்து, போனின் கேமராவைக் காட்டினாள். ஜப்பானிய எழுத்து கலைந்து ஆங்கிலமாக மாறி மாறித் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உடம்பில் உணர்வு குறைந்தவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. நீண்ட நேரம் போட்டு வைக்கக் கூடாது. லேசான சூடாக இருந்தாலும் தோல் வெந்துவிடும். இருக்கையின் மேல் மெத்தையோ போர்வையோ போடக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

எங்களுக்காகவே எழுதியது போல இருந்தது. பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"அம்மா. அப்ப பாட்டி இல்லையா?"

பொத்தானை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. ஒரு விரலால் அணைக்கக்கூடியதை அணைக்காமல் ஒரு மனுஷியை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் புரிந்தது. நாளைக்கு என் கணவரை அதே இருக்கையில் உட்கார வைத்திருப்பேன் என்பதும் புரிந்தது. ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேன். மகள் என் முதுகில் கை வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போய் ஈரம்கூடத் துடைக்காமல் அவரிடம் சொன்னேன்.

"நீ வேணும்னு செய்யல" என்றார். சற்று நேரம் கழித்து, "அம்மாவும் வேணும்னு செய்யலன்னு அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போன்ல சொல்லாத. நேர்ல போவோம்" என்றார் பிறகு.

மறுநாள் காலை பட்டறையில் வேனை விட்டேன். பட்டறைக்காரர் அந்த இருக்கைக்கான ஃபியூஸைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "நம்ம ஊர்ல யாருக்கு லா அக்கா சீட்டுல சூடு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. பகலில் மழை விட்டு வெயில் அடித்தபோது மூவரும் பெக்கோக் கிளம்பினோம். யோங் பெங் தாண்டினோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது அவர் மட்டும் இரண்டு தடவை இருக்கையின் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தார். என்னை நம்பாமல் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமியார் வீட்டுக்கு நான்கு படிகள். நாற்காலி ஏறாது. அதனால் வண்டியை வாசலிலேயே நிறுத்தி முன்கதவைத் திறந்து வைத்தோம். அவர் வெளியே வந்து, முதலில் மகனின் முகத்தைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், கோடுகள், இன்னொரு தட்டு தட்டியது, சமையலறையில் திரும்பிக்கொண்டது வரை. "நீங்க சுடல அத்தே. நான்தான் சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று காலில் விழப் போனேன். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சரிம்மா. வெயில்ல நிக்காத, உள்ள வந்து தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

"எங்களோட வந்துடுங்க" என்றேன். மகனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அதே பையோடு வந்தார்.

நடு இருக்கையை அவருக்காக முன்னே இழுத்து, பூட்டும் சத்தம் கேட்கும்வரை ஆட்டிப் பார்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் பெல்ட் மாட்டிவிடக் குனிந்தேன். என் காது அவர் வாய்க்கு அருகில் வந்தபோது, முன்னால் இருக்கும் மகனுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அன்னைக்கு ராத்திரியே அதே உப்ப வறுத்து, அதே துணியில கட்டி, என் தொடையில வச்சுப் பாத்தேன்மா. அவனுக்கு வச்ச அத்தன நேரமும் வச்சிருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

இவர் சுடவில்லை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் இவரை விட்டால் என் கணவரைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான் என்பதும் தெரிந்திருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு வந்தது பிள்ளையின் புண்ணைப் பற்றிக் கேட்கும் போன், வேறு ஒன்றுமில்லை.

"அப்புறம் ஏன் அத்தே சொல்லல?"

"தினமும் அவனத் தூக்கி வைக்கிறது நீதானே. உனக்குக் கை நடுங்கக் கூடாது."

பெல்ட்டின் நாக்கு துளைக்குள் போகவில்லை. இரண்டு தடவை முயன்றேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்து, சேர்த்து அழுத்தினார். 'டக்' என்று பூட்டிக்கொண்டது.