அப்பாவின் கொரியா கம்பெனி

பதின்மூன்று வயதில் எனக்கு ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. என் அப்பா கொரியா கம்பெனியில் வேலை பார்த்தார். நசரத்பேட்டையிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய், காருக்கு ஏதோ ஒரு பாகம் செய்யும் இடத்தில் லைன் சூப்பர்வைசராக நின்றுவிட்டு வருவார். அது என்ன பாகம் என்று நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த கொரியாவில் ஏழு பையன்கள் பாடி ஆடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏழு பேரின் பிறந்தநாள், ரத்த வகை, பிடித்த பழம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒழுக்கத்தையும் அவர்களிடம்தான் கற்றேன் என்றால் சிரிப்பீர்கள். மூத்தவன் கரண்டியை எடுக்கும்வரை இளையவன் சோற்றைத் தொட மாட்டான். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையாலும்தான் கொடுப்பான். பரிசு வாங்கினால் மேடையிலேயே அம்மா அப்பாவை நினைத்து அழுவான். நானும் அப்பா முதல் வாய் வைக்கும்வரை தட்டின் முன் காத்திருக்க ஆரம்பித்தேன். காப்பி டம்ளரை இரு கையாலும் ஏந்தி நீட்டினேன்.

"இன்னாம்மா, பூசாரி தீர்த்தம் குடுக்கிற மாதிரி குடுக்கிற?" என்று அப்பா சிரித்தார்.

"நானும் பத்து வருசமா கத்திக்கினு கீறேன், காதுல ஏறல. எவனோ பாடிக்கினே சொன்னா கேக்குறா," என்றாள் அம்மா.

அந்த வருடம்தான் அப்பாவின் சிரிப்பு குறைந்தது. புதிதாக வந்த கொரிய மேலாளர் எல்லோர் எதிரிலும் கத்துகிறார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் சரியில்லை என்று ஒதுக்கிய பாகங்களை டிரேயோடு அப்பாவின் காலடியில் கொட்டிவிட்டாராம். மேனாம்பேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்த என் மாமா, தன்னோடு வந்துவிடச் சொன்னார். அப்பா ராஜினாமா கடிதமே எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் குடும்ப விழா, மறுநாள் கடிதம் என்று முடிவு. அப்பா பட்டறைக்குப் போய்விட்டால் வகுப்பில் என்னை யார் மதிப்பார்கள்?

குடும்ப விழா என்றால் வருடத்துக்கு ஒரு நாள், ஊழியர் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை கொடுப்பார்கள். மேலாளர் ஒவ்வொரு குடும்பமாக வந்து கை குலுக்கினார். எங்களிடம் வந்ததும் நான் இடுப்பை மடித்து, பின்னல் முன்னால் விழுந்து தொங்கும் அளவுக்குக் குனிந்தேன். அங்கே புதிதாக வரும் பாட்டுக் குழுக்கள் முதல் மேடையில் சொல்லும் கொரிய வாக்கியம் ஒன்று உண்டு. 'எங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அதில் 'எங்களை'க்குப் பதில் 'என் அப்பாவை' போட்டு ஒரு வாரமாகப் பழகியிருந்தேன். பிசிறில்லாமல் வந்தது.

மேலாளர் திகைத்துப்போனார். மொழிபெயர்க்கும் பெண் அதை மைக்கில் தமிழில் சொன்னதும் பந்தலே கை தட்டியது. அவர் அப்பாவின் தோளைத் தட்டி ஏதோ சொல்லி, தலை தாழ்த்தினார். அப்பாவும் குனிந்தார். அவருக்குக் குனிந்து பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். அம்மா மட்டும் கை தட்டவில்லை.

மறுநாள் கடிதம் போகவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அப்பா மாமாவுக்குப் போன் செய்தார்.

"வேணாம் மச்சான், நான் வர்ல. புள்ள அத்தினி பேரு எதிர்ல குனிஞ்சு கேட்டுச்சு. அந்தாளும் சரின்ட்டான். இப்போ நான் வெளிய வந்தா புள்ள மூஞ்சிய எங்க வெச்சிக்கும்?"

பக்கத்து அறையில் அதைக் கேட்டு நான் சத்தமில்லாமல் குதித்தேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். பரிசு வாங்கிய அந்தப் பையன்களைப் போல எனக்குக் கண்ணீர்கூட வந்தது.

அப்பா இன்னும் ஆறு வருடம் அங்கேயே இருந்தார். மேலாளர் கத்துவதை நிறுத்தினாரா என்று வீட்டில் சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், நான் காத்திருக்கிறேனே என்று அவசரமாக முதல் வாயை எடுத்து வைப்பார். யாரோ ஒருவரிடம் அவர் மொழியிலேயே போய் அப்பாவுக்காகக் கேட்கத் தெரிந்த எனக்கு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அப்பாவிடம் தமிழில் கேட்க வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை.